யாரையும் காக்க வைக்காத மேடம்

துபாயில் நான் பதினோரு வருஷம் கம்பெனி டிரைவராக இருந்தேன். டிரைவர் வேலை என்றால் வண்டி ஓட்டுவது என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். ஓட்டுவது கால்வாசி. மீதி முக்கால்வாசி காத்திருப்பதுதான். ஆபீஸ் வாசலில், ஏர்போர்ட் பார்க்கிங்கில், பள்ளிக்கூட கேட்டில், மால் அடியில். ஏசியைப் போட்டு உட்கார்ந்தால் பெட்ரோல் போகிறது என்று திட்டுவார்கள். அணைத்தால் சட்டை நனைந்துவிடும். சீட்டைச் சாய்த்துக்கொண்டு, பாதித் தூக்கமும் பாதி விழிப்புமாக, போன் எப்போது அடிக்கும் என்று கிடக்கிற பழக்கம் உடம்பில் ஏறிவிட்டது. ஊருக்கு வந்து இத்தனை வருஷமாகியும் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்தால் அப்படித்தான் சாய்கிறேன்.

இந்த வேலையில் எனக்கு வந்து வாய்த்தவர், தனக்காக இன்னொருவர் காத்திருப்பதைத் தாங்கவே முடியாத ஒரு அமெரிக்கப் பெண்மணி.

அப்போது அங்கே மெட்ரோ வரவில்லை. எங்கள் கம்பெனி ஒரு கட்டட வேலைக்காக அமெரிக்காவிலிருந்து ஒரு இன்ஜினியரை இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கூட்டி வந்தது. அவருடைய மனைவிதான் இவர். அறுபதை ஒட்டிய வயது. ஒல்லி, நல்ல உயரம், காது தெரிய வெட்டிய நரைமுடி, எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. ஜுமைராவில் வில்லா கொடுத்திருந்தார்கள். அவருடைய ஊர் லைசென்ஸை அங்கே மாற்றித் தரும்வரை என்னை அவருக்கு ஓட்டச் சொன்னார்கள். லைசென்ஸ் கைக்கு வந்தது. ஆனால் அந்த ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் ஓட்டப் பயந்து அதைப் பையிலேயே வைத்துக்கொண்டார். கடைசிவரை நான்தான் ஓட்டினேன்.

முதல் நாள் எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் ஷார்ஜாவில், ரோலாவில், எட்டுப் பேர் தங்கிய ஒரு ரூமில் இருந்தேன். காலை நேரத்தில் அங்கிருந்து துபாய்க்குள் நுழைவதற்குள் உயிர் போய்விடும் என்பதால் ஐந்தரைக்கே கிளம்பி, ஏழுக்கு முன்னாலேயே வில்லா வாசலில் வண்டியைப் போட்டேன். ஏழு ஐந்துக்கு அவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டார். ஏழு பத்துக்கு ஈரத்தலையோடு, ஒரு செருப்பு காலிலும் இன்னொன்று கையிலுமாக ஓடி வந்து ஏறி, காக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டார். எட்டு மணிக்குத்தான் வரச் சொன்னாங்க மேடம் என்றேன். நீங்கதான் வந்துட்டீங்களே என்றார். போக வேண்டிய கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். அதன் வாசலில் நாங்கள் இரண்டு பேரும் இரண்டரை மணி நேரம் காருக்குள் உட்கார்ந்திருந்தோம். அவர் என் ஊரைப் பற்றிக் கேட்டார். அறந்தாங்கி என்ற பெயரை அவர் வாயில் வரவைப்பதிலேயே அரைமணி நேரம் போனது.

ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆனால் அவர் சொன்னதெல்லாம் எனக்கு நீங்கள் என்றே கேட்டது. அதனால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

ஒவ்வொரு இடத்தில் இறங்கும்போதும் நீங்க வீட்டுக்குப் போயிட்டு வாங்க, முடிஞ்சதும் கூப்பிடறேன் என்பார். ரோலாவுக்குப் போய்த் திரும்பினால் நாளே முடிந்துவிடும் என்று விளக்கினேன். அப்படியானால் சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று போவார். பத்தே நிமிஷத்தில் மூச்சு வாங்க வருவார். வாங்கப் போனதில் பாதி வாங்கியிருக்க மாட்டார். மத்தியானம் மறுபடி அதே கடைக்கு அதே டிராஃபிக்கில் போவோம். அவருடைய நல்ல மனசு எனக்கு இரட்டை வேலை வைத்தது. காத்திருப்பதுதான் மேடம் என் டூட்டி, அதுக்குத்தான் சம்பளம் என்று ஒருநாள் பொறுக்க மாட்டாமல் சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. ஒரு மனுஷனுக்கு அது எப்படி வேலையாகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அவரை இறக்கிவிட்டதும், எனக்கு ஆபீஸ்ல வேற ஒரு டூட்டி இருக்கு மேடம், ஒரு மணி நேரமாகும், நிதானமா பாருங்க என்பேன். அடுத்த கட்டடத்துக்குப் பின்னால் வண்டியைப் போட்டுவிட்டுச் சாய்ந்துவிடுவேன். அவர் நிம்மதியாகக் கடையைச் சுற்றுவார். அப்படி ஒரு டூட்டி கிடையாது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லவர்களோடு வேலை செய்வதற்குக் கொஞ்சம் பொய் வேண்டியிருந்தது.

அவருடைய லைசென்ஸ் மாற்றப் போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் கம்பெனியின் அரசாங்க ஆபீஸ் வேலைகளையெல்லாம் பார்த்தவர் கீழக்கரைக்காரர். விசா, லேபர் கார்டு, லைசென்ஸ் எதுவானாலும் அவர்தான். எல்லோருக்கும் அவர் பாய். அரபி தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்கு ஆண்கள் வரிசை கட்டடத்தைத் தாண்டி வெளியே நின்றது. பெண்களுக்குத் தனி ஜன்னல், அங்கே ஒருவரும் இல்லை. பாய் அவரை நேரே அங்கே கூட்டிப் போனார். மேடம் திரும்பி வரிசையைப் பார்த்தார். இத்தனை பேர் முன்னாடியே வந்திருக்காங்களே என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று வெளியே நடந்து வரிசையின் கடைசியில் பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு பட்டாணிக்காரருக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

அந்தப் பட்டாணிக்காரர் பதறி விலகினார். அவருக்கு முன்னால் நின்றவர் விலகினார். வரிசையே இரண்டாகப் பிளந்தது. மேடம் நகராமல் நின்ற இடத்திலேயே நின்றார். முன்னால் இருந்தவர்கள் கூட்டம் எதற்கென்று திரும்பிப் பார்க்க, பின்னால் இருந்தவர்கள் முன்னே புக, காலையிலிருந்து கட்டிக் காத்த வரிசை ஐந்து நிமிஷத்தில் கலைந்துபோனது. போலீஸ்காரர் வந்து எல்லோரையும் கத்தி மறுபடி நிறுத்தினார். முதலில் நின்றவர்கள் கடைசிக்குப் போனார்கள். பாய் தலையில் கை வைத்துக்கொண்டு என்னிடம், இந்தம்மா நல்லவங்கதான், ஆனா நல்லவங்களால வர்ற கஷ்டத்துக்கு யார்கிட்ட போய்ச் சொல்றது என்றார்.

அமெரிக்காவில் கிளம்பும்போதே அவர்களுக்கு ஒரு வகுப்பு நடத்தி, கையில் ஒரு கட்டுத் தாளும் கொடுத்திருந்தார்கள். இடது கையால் எதையும் கொடுக்கக் கூடாது, கால் பாதம் அடுத்தவருக்குத் தெரிய உட்காரக் கூடாது, பெண்களைப் போட்டோ எடுக்கக் கூடாது, மருந்து கொண்டுவந்தால் டாக்டர் சீட்டு வேண்டும், ரமலானில் பொது இடத்தில் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. எல்லாவற்றையும் அவர் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரிப் படித்திருந்தார். முதல் ரமலானில் காரில் வழக்கமாக இருக்கிற தண்ணீர் பாட்டில்கள் காணாமல் போயின. மேடமே எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அந்த மாதம் முழுக்க காரில் அவர் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. அவரே குடிக்காதபோது நான் எப்படிக் குடிப்பது என்று நானும் குடிக்கவில்லை. நாக்கு வறண்டு, இரண்டு பேரும் பேச்சையும் குறைத்துக்கொண்டோம். பெருநாளைக்கு முந்தின நாள், நோன்பு நல்லபடியா முடிஞ்சுதா என்று கேட்டார். நான் இந்து மேடம் என்றேன். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, காய்ந்துபோன என் உதட்டையும் கண்ணாடியில் தன் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அவர் கணவர் நேர் எதிர். நேரம் என்று ஒன்று இருப்பதே தெரியாத மனுஷர். நல்லவர்தான், வேலையில் இறங்கினால் உலகம் மறந்துவிடும். ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொன்னால் எட்டரை. மேடமும் நானும் ஆபீஸ் பார்க்கிங்கில் உட்கார்ந்திருப்போம். தான் காத்திருப்பதில் மேடத்துக்கு ஒரு குறையும் இல்லை. பின்சீட்டில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, சார் வந்துடுவார் என்று எனக்குச் சமாதானம் சொல்வார். கணவருக்காக நான் காத்திருப்பதைத்தான் மேடத்தால் பொறுக்க முடியவில்லை.

இரண்டாவது வருஷம், வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில், ஒரு காலையில் அந்த மனுஷர் ஆபீஸில் நாற்காலியில் இருந்தபடியே சரிந்தார். ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே முடிந்துவிட்டது. மேடத்தைக் கூட்டி வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். விஷயத்தை நீ சொல்லாதே, டாக்டர் சொல்லிக்கொள்வார் என்றார் மேனேஜர்.

வாசலில் வண்டியை நிறுத்தியதும் எப்போதும் போல ஒரே நிமிஷத்தில் வந்துவிட்டார். சாருக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். ஆஸ்பத்திரி கேட்டுக்குள் திரும்பும்போது, எனக்காகக் காத்திட்டிருக்காரா என்றார். ஆமாம் மேடம் என்றேன். இறங்கி ஓடினார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் பேப்பர். வெளிநாட்டில் ஒரு ஆள் செத்தால் முதலில் அழ முடியாது, பேப்பர்தான். ஆஸ்பத்திரிச் சீட்டு, போலீஸ் சீட்டு, அரபியில் இறப்புச் சான்று, அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பு, அதன்மேல் முத்திரை, அவர்கள் நாட்டுக் கான்சுலேட் கடிதம், விமானக் கம்பெனிக் கடிதம். இறந்தவருடைய விசாவை ரத்து செய்து பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த வேண்டும். அதைக் கேட்டபோது மேடம் பாயைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு இனிமே இங்க இருக்க அனுமதி இல்லைன்னு எழுதறாங்களா என்றார். பாய் பேப்பர்களை எடுத்து அடுக்கினார். சாருடைய விசா போனால் அதை வைத்து எடுத்த மேடத்தின் விசாவும் போய்விடும். ஒரு மாதத்துக்குள் கிளம்ப வேண்டும். அமெரிக்காவில் கொடுத்த அந்தத் தாள்கட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்று காரில் சொன்னார்.

மூன்று நாள் அலைந்தோம். கம்பெனி பெரிய கம்பெனி. மேனேஜர் ஒரு போன் போட்டால் ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர் எழுந்து நிற்பார். அந்தச் சலுகை ஒவ்வொன்றும் மேடத்தை இன்னும் கொஞ்சம் களைக்கச் செய்தது. எங்கே போனாலும் தனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே கையெழுத்துப் போட்டார். சாப்பாடு இல்லை. ஒரு ஜூஸ் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே காலையிலிருந்து சாயங்காலம்வரை இருப்பார்.

நாலாவது நாள் சோனாப்பூர். ஊருக்கு அனுப்புகிற உடல்களுக்குக் கெடாமல் இருக்க எம்பாமிங் செய்து பெட்டியில் வைத்துத் தருகிற இடம் அங்கேதான் இருந்தது. பேப்பர் எல்லாம் சரியாக இருந்தால்தான் ஜன்னலில் வாங்குவார்கள். ஒரு மணிக்கு மேல் வாங்க மாட்டார்கள். அன்று ராத்திரி விமானத்தில் மேடமும் பெட்டியும் போவதாக ஏற்பாடு. அமெரிக்காவில் அவர் மகன் ஏர்போர்ட்டுக்கு வருகிறார், அடக்கத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது.

நாங்கள் போனபோது மணி பதினொன்று. வெளி ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் ஒரே ஒரு ஆள். நீலக் கம்பெனிச் சட்டை, காலில் சிமெண்டு படிந்த ஷூ, முப்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, எங்களில் யாரும் தனக்கானவர் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்தார். பாய் ஜன்னலுக்குப் போனார். உள்ளே இருந்தவர் பேப்பர்களைப் புரட்டி, மேடத்தின் கையெழுத்து வேண்டும் என்றார்.

மேடம் போகவில்லை. அவர் எவ்வளவு நேரமா இருக்கார்னு கேளுங்க என்றார் என்னிடம்.

கேட்டேன். தமிழ்க் குரலைக் கேட்டதும் அந்த ஆளின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பெரம்பலூர் பக்கம். அல் கூஸில் தொழிலாளர் கேம்ப், ஷட்டரிங் வேலை. பெரியப்பா மகன் கூடவே அதே ரூமில் இருந்தானாம். டூட்டி முடிந்து வந்து படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை. கம்பெனி ஆள் பாஸ்போர்ட்டையும் பேப்பரையும் கொண்டு வருவான், நீ அங்கே போய் இரு என்று கேம்பில் அனுப்பியிருக்கிறார்கள். நாலு நாளாகத் தினமும் காலையில் பஸ் பிடித்து வந்து உட்கார்ந்து, ஜன்னலை மூடியதும் திரும்பிப் போகிறார். ஒருவரும் வரவில்லை.

நாலு நாள் என்று மேடத்திடம் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அப்ப அவர்தான் முதல்ல என்றார். முதல், இரண்டாவது என்கிற விஷயமே இல்லை, அவருக்குப் பேப்பர் வரவில்லை என்று விளக்கினேன். அவர் கம்பெனிக்குப் போன் பண்ணச் சொல்லுங்க என்றார். பாய் மறுக்காமல் அந்த ஆளிடம் நம்பர் வாங்கி அடித்தார். ஆபீஸில் யாரும் எடுக்கவில்லை. முதலாளி நாட்டில் இல்லை என்றார் அந்த ஆள். பேப்பர் வேலை பார்க்கிறவனின் போன் அணைந்திருந்தது. அவங்க எடுக்கிற வரைக்கும் நான் இருக்கேன், இவருக்கு முன்னாடி என்னால போக முடியாது என்று சொல்லிவிட்டு, மேடம் அந்த ஆளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அன்று ராத்திரி விமானத்தில் போகிறவர் உட்காருகிற விதம் இல்லை அது.

பன்னிரண்டு மணியானது. ஜன்னலில் இருந்தவர் இரண்டு தடவை தலையை நீட்டிப் பார்த்தார். பாய் இன்னும் நாலைந்து தடவை போன் அடித்தார். பிறகு என்னை வெளியே கூட்டிப்போய், சாயங்காலத்துக்குள்ள பெட்டியை ஏர்போர்ட் கார்கோவுல கொடுக்கலேன்னா எல்லாம் திரும்ப முதல்லேருந்து, நீ பேசிப் பாருப்பா, உன் பேச்சைத்தான் கேப்பாங்க என்றார். அவருக்கும் மூன்று நாள் அலைச்சல். தாடியெல்லாம் வியர்வை.

எங்கள் பின்னாலேயே அந்தப் பெரம்பலூர்க்காரர் வந்தார். என்னை அண்ணன் என்று கூப்பிடுகிற வயதுதான்.

"அண்ணே, அந்தம்மாவப் போகச் சொல்லுங்க."

"உங்களுக்காகத்தான் உட்கார்ந்திருக்காங்க."

"தெரியுதுண்ணே. அவங்க மகராசி. ஆனா வெள்ளைக்காரங்கள வுட்டு போன் பண்ண வச்சேன்னு கேம்ப்ல தெரிஞ்சா, அவங்க நாளைக்குப் போயிருவாங்க, நான் இங்க இருக்கணும்ல. நான் காத்துக்கிறேன். எனக்குப் பழக்கந்தான்."

அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். நான் வெயிலில் நின்றேன். போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, ஒருவரும் இல்லாத போனில் கொஞ்ச நேரம் ஹிந்தியில் பேசினேன். கண்ணாடிக் கதவு வழியாக மேடம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்ச் சொன்னேன். கம்பெனியில எடுத்துட்டாங்க மேடம், ஆள் கிளம்பிட்டான், ஒரு மணிக்குள்ள பேப்பர் வந்துடும், இவர் உங்களை முன்னாடி போகச் சொல்றார்.

மேடம் என் முகத்தையே பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் என்னைப் பார்த்ததே கிடையாது. பிறகு அந்த ஆள் பக்கம் திரும்பி, நிஜமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவருக்கு என்ன புரிந்ததோ, நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டிச் சிரித்தார். மேடம் எழுந்து கையை நீட்டினார். அவர் தன் கையைப் பேண்டில் இரண்டு தடவை துடைத்துவிட்டுக் கொடுத்தார். மேடம் ஜன்னலுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டே முக்கால்.

அன்றே எல்லாம் முடிந்தது. ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டபோது, சீக்கிரம் கிளம்புங்க, ஷார்ஜா ரோடு அடைச்சிக்கும் என்றார். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

மறுநாள் எனக்கு டூட்டி இல்லை. ரூமில் படுத்துக் கிடந்தேன். அடுத்த நாள் ஆபீஸ் வேலையாக அந்தப் பக்கம் போனவன் சோனாப்பூரில் நுழைந்து பார்த்தேன். அதே நாற்காலி. அந்தம்மா நல்லபடியாப் போயிட்டாங்களாண்ணே என்றுதான் முதலில் கேட்டார். போயிட்டாங்க என்றேன். ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம் முடிந்தபோதெல்லாம் போனேன். சும்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அஞ்சாவது நாள் பாயிடம் சொன்னேன். நம்ம கம்பெனி விஷயமா இது, எனக்கு இருக்கிற வேலை போதாதா என்று எரிந்து விழுந்தார். மறுநாள் எனக்குச் சொல்லாமல் அவரே அல் கூஸ் போய், அந்தக் கம்பெனி ஆபீஸில் காலையிலிருந்து மத்தியானத் தொழுகைவரை உட்கார்ந்து, பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டுதான் எழுந்திருக்கிறார். பேப்பர் முடிந்து பெட்டி ஏறியபோது, மேடம் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்தம்மா அன்னைக்கு எந்திரிக்காம உட்கார்ந்திருந்தா நம்ம மேனேஜரே இறங்கியிருப்பாரு, ரெண்டு நாள்ல முடிஞ்சிருக்கும் என்று பாய் பிறகு ஒருநாள் சொன்னார். என்னைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. டீ குடித்துக்கொண்டே சும்மாதான் சொன்னார். நான் மீதி டீயைக் கீழே ஊற்றினேன்.

மூன்று மாதம் கழித்து மேடம் போன் செய்தார். நான் அப்போது வேறொரு குடும்பத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட வாசலில் மத்தியான வெயிலில் இருந்தேன். என் மகள் படிப்பைப் பற்றிக் கேட்டார். பாய் சுகமா என்று கேட்டார். பிறகு, அன்னைக்கு நம்மோட உட்கார்ந்திருந்தாரே, அவரோட இறந்துபோன அண்ணனோ தம்பியோ, அவரை எப்ப ஊருக்கு அனுப்பினாங்க என்றார்.

அன்றே என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே பேசினார்.

"நான் முப்பது வருஷம் ஒரு டாக்டர் கிளினிக்ல, வாசல் மேஜையில வேலை பார்த்தவ. இன்னும் கொஞ்ச நேரந்தான், இதோ கூப்பிட்டுடுவாங்கன்னு தினமும் அம்பது பேர்கிட்ட சொல்லியிருக்கேன். அதைச் சொல்ற முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

இன்னும் அவருக்கு ஓட்டுகிற டிரைவராக இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன். இப்போது அவர் என் முதலாளியில்லை.

"தெரிஞ்சும் ஏன் மேடம் எந்திரிச்சுப் போனீங்க?"

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"களைச்சுப் போயிருந்தேன். அவரை வீட்டுக்குக் கொண்டுபோகணும்னு மட்டுந்தான் இருந்தது. நீங்க ஒரு கதவைத் திறந்து விட்டீங்க. நான் போயிட்டேன்."

எத்தனை நாள் ஆனது என்று கேட்டார். ஒன்பது என்றேன். என்னால்தான் மேடம் என்று சேர்த்துச் சொன்னேன். இறந்தவர் பெயர் என்ன என்றார். எழுதிக்கொள்கிறேன், எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள் என்றார். பாஸ்போர்ட்டிலும் பெட்டியின் மேலும் இருந்தபடி சொன்னேன். செல்வராசு பெரியசாமி. ஆங்கிலத்தில் அது நீளம். இரண்டு இடத்தில் தப்பாகத் திருப்பிச் சொன்னார், திருத்தினேன். பெரியசாமி என்று கூப்பிடுவாங்களா என்று கேட்டார்.

"இல்ல மேடம். பின்னால இருக்கிறது அப்பா பேரு."

"அப்பா இருக்காரா?"

"இருக்கார். திருச்சி ஏர்போர்ட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டு வாங்கினது அவர்தான்."

அப்பா பெயரை மட்டும் தனியாக இன்னொரு தடவை எழுத்து எழுத்தாகச் சொன்னார். பிறகு அந்தப் பக்கத்தில் அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. போனை யார் முதலில் வைத்தோம் என்று எனக்கு நினைவில்லை.